இல்லாத புகைக்கு ஒரு சாட்சி

இன்று காலை ஆறரை மணிக்கு மறுபடி அந்த வாசனை வந்தது. ஈரமான மரத்தூளைக் குவித்துத் தீ வைத்தால் வருமே, அந்த வாசனை. அதில் கருகிய ரப்பரும் கொஞ்சம் கலந்தது போல. அடுப்பில் பால் இருந்தது. அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டேன். டாக்டர் அப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கிறார். பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. மறுபடி தெரிந்தபோது வலது நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியிருந்தது. முந்தானையின் ஓரம் கயிறு போலச் சுருண்டு கைக்குள் இருந்தது. எழுந்து ஜன்னல் வழியே பார்த்தேன். மழை விட்ட வானம், கீழே ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு படகு. எங்கும் புகை இல்லை.

"ஆமாம்மா, எனக்கும் வருது" என்று சொல்ல நீங்கள் இல்லை. அதுவும் நல்லதற்குத்தான். நான் பேசத் தொடங்கினால் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "சரி டீச்சரம்மா, விடு" என்று எழுந்து போவீர்கள். இப்போது போக முடியாது. உங்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல இந்த ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள். இரங்கல் கூட்டத்தில் நான்கு மொழிகளில் சொன்னார்கள். நான் அதற்காக எழுதவில்லை.

கல்யாணமாகிக் கப்பலேறி நாம் இந்தத் தீவுக்கு வந்த புதிதில் ஒரு நாள் என்னைத் துறைமுகச் சிக்னல் நிலையத்துக்குக் கூட்டிப் போனீர்கள். வரும் கப்பல், போகும் கப்பல், காற்றின் திசை, கடலின் நிலை எல்லாவற்றையும் மணி போட்டு லாக் புத்தகத்தில் எழுதுவது உங்கள் வேலை. தெற்கே மேகம் கறுத்திருந்தது. "மழை வரும் போலிருக்கிறது என்று எழுதுங்களேன்" என்றேன். சிரித்தீர்கள். "வரும் போல இருக்குன்னு எழுதக் கூடாதும்மா. வந்தா, வந்துச்சுன்னு எழுதணும். பார்த்தது மட்டுந்தான் லாக்கு." தாவரவியல் படித்துவிட்டு, ஜாதகம் பார்த்து முடித்த ஒரு கல்யாணத்தில் மாட்டிக்கொண்டோம் என்று கப்பல் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தவள் நான். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் இந்த மனிதரோடு காலம் தள்ளலாம் என்று தோன்றியது. அதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்வது உங்களைக் குளிர்விக்க அல்ல. எதை நம்பி ஏமாந்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது மழைக்காலத்தில் எனக்கு மலேரியா வந்தது. பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தேன், முடி கொட்டியது, பிழைத்தேன். பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக எனக்கு வேலை கிடைத்தது அதற்குப் பிறகு. அந்த வருஷக் கடைசியில், மரைன் ஹில் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது முதல் தடவை அந்த வாசனை வந்தது. "எங்கேயோ என்னமோ எரியுதுங்க" என்றேன். அதற்கடுத்து எனக்கு ஞாபகமிருப்பது, நீங்கள் என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு நின்றது. கையிலிருந்த துணி மண்ணில் கிடந்தது. உங்கள் முகம் வெளுத்திருந்தது. பிறகு மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்தீர்கள். அந்தப் பாவனை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "ஆமாம்மா, எனக்கும் வருது. மரம் அறுக்குற சாமில்லுல மரத்தூள் எரிக்காங்க" என்றீர்கள்.

அன்று சாயங்காலம் வரை தலைவலி. மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை இதே போல: முதலில் புகை, பின்னால் வலி. நான் படித்தவள். ஒன்று எப்போதும் முன்னே வந்து மற்றது எப்போதும் பின்னே வந்தால் காரணம் எங்கே என்று பார்க்கத் தெரியும். நம் புலன் நம்மை ஏமாற்றலாம், அதனால் பக்கத்தில் இருப்பவரையும் கேட்க வேண்டும் என்றும் தெரியும். ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் மூக்கை உயர்த்தி, ஆமாம் என்றீர்கள்.

ஒரே ஒரு முறை சந்தேகப்பட்டேன். மரம் அறுக்கும் ஆலை நம் வீட்டுக்கு வடமேற்கே. தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூலை மாதத்தில் அந்தப் புகை நம் வீட்டுக்கு எப்படி வரும்? கேட்டேன். "மேட்டுல காத்து சுத்தும்மா. புஸ்தகத்துல படிச்ச காத்து வேற, இங்க அடிக்கிற காத்து வேற" என்றீர்கள். துறைமுகமே உங்கள் வாயைப் பார்த்துக் காற்றைத் தெரிந்துகொண்ட காலம். என் சந்தேகத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போட்டுவிட்டேன்.

பிறகு மனு எழுதத் தொடங்கினேன். ஆலையின் புகையால் குடியிருப்போர் உடல்நலம் கெடுகிறது என்று சம்பந்தப்பட்ட ஆபீசுக்கு நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். போகிற வழிதானே என்று உங்களிடமே கொடுத்தனுப்பினேன். "கொடுத்தாச்சா?" என்று கேட்பேன். "கொடுத்தாச்சு, கொடுத்தாச்சு. பெரிய ஆபீஸ், மெதுவாத்தான் நகரும்" என்பீர்கள். ஏழு வருஷத்தில் ஏழு மனு. பதிலே வரவில்லை. இந்த அரசாங்கத்தைப் பற்றி ஆசிரியர் அறையில் நான் என்னென்ன பேசியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

இனி சகாயமேரியைப் பற்றி. அவள் பெயரை எடுத்தாலே வீட்டில் பேச்சை மாற்றுவீர்கள். இங்கே மாற்ற முடியாது.

பத்தாம் வகுப்பு. ஜங்லிகாட் பகுதியிலிருந்து வருகிற பெண், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மீன்பிடிக் குடும்பம். வாய்த்துடுக்கு உண்டு, அறிவியலில் முதல் மார்க்கும் உண்டு. நர்ஸ் ஆக வேண்டும் என்பாள். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் வகுப்பில் புகை வாசனை வந்தது, தலை வலித்தது, பாடத்தை முடித்துவிட்டு வந்தேன். என் கணக்கில் அவ்வளவுதான். இடைவேளையில் வராந்தாவைத் திரும்பினால், சகாயமேரி நடுவில் நிற்கிறாள். கண்ணை நிலைகுத்தி, வாயைச் சவைத்துக்கொண்டு, வலது கையால் தாவணி ஓரத்தை உருட்டி உருட்டிக் காட்டுகிறாள். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

"யாரது?" என்றேன்.

"நீங்கதான் டீச்சர்" என்றாள். சிரிக்கவில்லை. "இப்ப கிளாஸ்ல இப்படித்தான் நின்னீங்க. கூப்பிட்டோம், காதுல விழல. கசம் டீச்சர், மாதா மேல சத்தியம்."

அன்று வீட்டுக்கு வந்ததும் உங்களைத்தான் கேட்டேன். வகுப்பில் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியையும் கேட்கவில்லை. "நான் எப்போதாவது அப்படி நிற்கிறேனா? மறைக்காமல் சொல்லுங்கள்." நீங்கள் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை. "பிள்ளைக அப்படித்தான் வெளாடும். நீ என்னத்துக்கு அப்படி நிக்கப் போற?"

அது போதுமானதாக இருந்தது. மறுநாளே தலைமையாசிரியையிடம் போய், அந்தப் பெண் இருக்கும் வகுப்புக்குள் இனி கால் வைக்க மாட்டேன் என்றேன். கண்டித்து விட்டுவிடலாம் என்றார் அவர். துடுக்குத்தனத்தை மன்னிப்பேன், பொய்ச் சத்தியத்தை மன்னிக்க மாட்டேன் என்றேன். அப்போது இந்த ஊரில் அறிவியல் சொல்லித்தர வேறு ஆள் கிடையாது. அது எனக்குத் தெரிந்துதான் பேசினேன். டி.சி. எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வந்தார். பூசை முடிந்து நேரே வந்திருந்தார், தலையில் முக்காடு எடுக்காமல். நீங்கள் சாய்வு நாற்காலியில் பேப்பரோடு இருந்தீர்கள்.

"டீச்சரம்மா, எம்மவ குசும்புக்காரிதான், இல்லங்கல. ஆனா பொய் சொல்ல மாட்டா. பேச்சு நின்னுபோச்சாம், வாய மென்னுக்கிட்டே நின்னீங்களாம், ரெண்டு நிமிசம். டீச்சருக்கு என்னமோ பண்ணுதும்மான்னு வீட்ல வந்து அழுதா. பயந்துட்டால்லா."

"பயந்தவள் எதற்கு எல்லோருக்கும் நடித்துக் காட்டினாள்?"

"சின்னப் புள்ள. அதுக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லுச்சு."

"எனக்கு ஒன்றுமில்லை. வேண்டுமானால் இவரைக் கேளுங்கள், கூடவே இருப்பவர்."

அந்தம்மா உங்கள் பக்கம் திரும்பினார். "சார், நீங்களாவது சொல்லுங்க சார்."

நீங்கள் பேப்பரை மடித்தீர்கள். மடிப்பை நகத்தால் அழுத்தி நேராக்கினீர்கள். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள். பிறகு, "டீ குடிச்சிட்டுப் போங்கம்மா."

"டீ வேண்டாம் சார்" என்று அவர் படியிறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு பல வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தவை நடந்துகொண்டிருந்தன, எனக்குத் தெரியவில்லை என்று சொல்வதுதான் சரி. போன மழைக்காலத்தில் நிலையத்துப் படிக்கட்டிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கப்பலேறிய வாரத்தில், கொல்லைப்புறத்தில் நின்றபோது புகை வாசனை வந்தது. வழக்கம் போல வாய் திறந்துவிட்டேன், பதில் சொல்ல யாருமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்த வங்காளி அம்மாவைக் கூப்பிட்டு, ஏதாவது எரிகிறதா என்று இந்தியில் கேட்டேன். அவர் எழுந்து நான்கு பக்கமும் பார்த்தார். "குச் நஹி, டீச்சர். ஹவா ஏக்தம் சாஃப்." ஒன்றுமில்லை, காற்று சுத்தமாக இருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார். எத்தனை நேரம் கழித்து என்று எனக்குத் தெரியாது. "சாப் சொல்லியிருக்கார், உனக்கு இப்படி வரும்னு" என்றார், ஆறுதலாக. பக்கத்து வீட்டுக்குக் கூடச் சொல்லி வைத்திருக்கிறீர்கள்!

அடுத்த திங்கட்கிழமை, உங்களுக்கு அடுத்த ஷிஃப்ட் பார்த்த தெலுங்குக்காரர் உங்கள் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "பாபி, சாப் கா சாமான்", அண்ணி, சாருடைய சாமான் என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஒரு காக்கிச் சட்டை, எனாமல் குவளை, சவரப் பெட்டி. அடியில் என் மனுக்கள், ஏழும், உறை பிரிக்காமல். அதற்கும் அடியில் நீளமான ஒரு லாக் புத்தகம்.

நிலையத்தின் லாக் என்றுதான் முதலில் நினைத்தேன். அதே கோடுகள், அதே கட்டங்கள், உங்கள் ஒழுங்கான கையெழுத்து. படித்தேன். "காலை 7.10. புகை என்றாள். காற்று தென்மேற்கு. புகை இல்லை. பார்வை நிலைகுத்தியது. வாய் மென்றது. வலது கை. ஒன்றரை நிமிடம். பின் தலைவலி, மாலை வரை." கீழே அடுத்தது. அதற்குக் கீழே அடுத்தது. பக்கம் பக்கமாக, வருஷக்கணக்கில். காற்றின் திசையை ஒரு இடத்திலும் தப்பாக எழுதவில்லை. என்னிடம் மேட்டில் சுற்றிய காற்று, புத்தகத்தில் நேராக அடித்தது.

சகாயமேரியின் வெள்ளிக்கிழமையைத் தேடினேன். இருந்தது. அவள் அம்மா படியிறங்கிப் போன பிறகு எழுதியிருக்கிறீர்கள்: "பள்ளியில், பிற்பகல். நான் பார்க்கவில்லை. மாணவி சொன்னது: பேச்சு நின்றது, வாய் மென்றது, வலது கை உருட்டியது, இரண்டு நிமிடம். நான் பார்த்தவற்றோடு ஒத்துப்போகிறது. நம்பத்தக்க சாட்சி."

நம்பத்தக்க சாட்சி! இதை எழுதிய கைதான் பேப்பரின் மடிப்பை நேராக்கியது. டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னதும் இதே ஆள்தான். அன்றைக்கு நீங்கள் என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. நீங்கள் முன்பே போய்விட்டதில்தான் கோபம் போக வழியில்லாமல் நிற்கிறது.

குறிப்பு எழுதும் கட்டம் எல்லாப் பக்கத்திலும் வெறுமையாக இருக்கிறது, ஒரு பக்கத்தைத் தவிர. அதில் ஒரே ஒரு சொல்: "சொல்லலாமா?" அந்தக் கேள்வியை ஒரு காகிதத்திடம் கேட்டிருக்கிறீர்கள். மூன்றடி தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன்.

கப்பலேறி மெட்ராஸ் போனேன். நரம்பு டாக்டர் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் உங்கள் புத்தகத்தைப் படித்தார். "தலைவலி எல்லாம் ஒண்ணு இல்லம்மா" என்று தொடங்கினார். ஒற்றைத் தலைவலிக்காரர்களிலும் சிலருக்கு வலிக்கு முன்னால் வெளிச்சமோ வாசனையோ வருமாம். ஆனால் அதில் நினைவு இப்படி அறுந்துபோவது அபூர்வமாம். மூளையின் பக்கவாட்டில் கட்டி இருந்தாலும் வரலாம். பழைய காய்ச்சல் விட்டுப்போன தழும்பு இருந்தாலும் வரலாம். கீழே விழுந்து கைகால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்பதில்லை, நின்ற இடத்தில் நின்றபடியே வருகிற வலிப்பும் உண்டு. இல்லாத வாசனை அதன் தொடக்கமாகவே இருக்கும், வலி அதன் வால். தலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முடிக்குள் பசை தடவிக் கம்பிகளை ஒட்டி, மூளையின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் கோடுகளாக வரைந்தார்கள். வலது நெற்றிப்பொட்டுக்கு உட்புறத்தில் கோடுகள் கூர்கூராகத் துள்ளின. "மலேரியா விட்ட தழும்பா இருக்கலாம். கட்டி இருக்கற மாதிரி தெரியலை. அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றார். அடித்துச் சொல்லாததனால்தான் அவரை நம்பினேன்.

மாத்திரை எழுதிவிட்டுக் கேட்டார்: "யார் எழுதினது இது?"

"என் கணவர்."

"எங்க டிபார்ட்மென்ட்ல யாரும் இப்படி எழுத மாட்டாங்க. இவ்வளவு பாத்தவர் ஏன் உங்களை அன்னிக்கே கூட்டிட்டு வரலை?"

வலிப்பு என்ற சொல் வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும் என்று நீங்கள் பயந்திருக்கலாம். வேலை போனால் நான் எப்படி ஆவேன் என்று பயந்திருக்கலாம். எதையும் ஆதாரத்தோடு பேசுகிறவளிடம், உன் மூக்கே உன்னை ஏமாற்றுகிறது என்று சொல்ல வாய் வராமல் இருந்திருக்கலாம். எல்லாம் இருக்கலாம்தான். உங்கள் பாஷையில் சொன்னால், இதெல்லாம் லாக்கில் எழுதக் கூடாதவை. பார்த்தது இதுதான்: இருபது வருஷம் நீங்கள் பார்த்தீர்கள், இருபது வருஷம் சொல்லவில்லை, அதற்கு ஒரு பெண்ணின் படிப்பைக் கொடுத்தோம். நீங்கள் மட்டும் இல்லை, நாற்பது பேரைக் கேட்காத நானும்தான். என் பங்கை உங்கள் தலையில் ஏற்ற மாட்டேன். உங்கள் பங்கையும் குறைத்துக்கொள்ள மாட்டேன்.

திரும்பி வந்து ஜங்லிகாட்டில் விசாரித்துப் போனேன். சகாயமேரி வாசலோடு ஒட்டிய அறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். அம்மா இறந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை; மிதிப்பதை நிறுத்தினாள், அவ்வளவுதான்.

"நீ அன்றைக்குச் சொன்னது உண்மை" என்றேன்.

"தெரியும் டீச்சர். நான்தான பாத்தேன்" என்றாள். "இத இப்ப நீங்க வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்?"

"உன்னிடம் சொல்ல வேண்டும் என்று..."

"மாஃபி கேக்க வந்தீங்களா, மன்னிப்பு? டீக் ஹை, சரி, கேட்டாச்சு. எங்கம்மா இருந்தா ஒங்கள உள்ளயே விட்டிருக்க மாட்டா. அந்த டீத்தண்ணியச் சொல்லிச் சொல்லியே செத்துப்போனா." ஊசியில் நூலை ஈரம் பண்ணிக் கோத்தாள். "ஆஸ்பத்திரில வெள்ள உடுப்புப் போட்டு நடக்க வேண்டியவ. இப்ப நர்ஸம்மாமாருக்கு ஜாக்கெட் தைக்கேன். அளவெடுக்கையில கேப்பாங்க, எதுவரைக்கும் படிச்சன்னு."

நான் என்ன சொல்ல வாயெடுத்தேனோ, தெரியவில்லை. அப்போதுதான் வாசனை வந்தது. பழக்கம் விடவில்லை. "சகாயமேரி, இங்கே ஏதாவது எரிகிறதா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். அடுப்படியில் மூடியைத் தூக்கிப் பார்க்கும் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்து சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். திரும்பி வந்து என் எதிரில் நின்று சொன்னாள்: "இல்ல டீச்சர். ஒண்ணும் எரியல."

இவ்வளவுதான். இது ஒரு வாக்கியம். இதைச் சொல்ல அவளுக்கு என்னிடம் பிரியம் வேண்டியிருக்கவில்லை.

எனக்கு நினைவு வந்தபோது அவள் ஸ்டூலை எனக்குப் பின்னால் இழுத்துப் போட்டிருந்தாள். "வந்துட்டீங்களா? பக்கத்து வீட்டு ரேடியோல பாதிப் பாட்டு ஓடுச்சு, ஒண்ணரை நிமிசம் இருக்கும். வாய மென்னீங்க, சேலைய உருட்டுனீங்க. அன்னிக்குப் பண்ணுன மாதிரியேதான்." தண்ணீர் கொடுத்தாள். "அன்னிக்கும் இதத்தான் சொன்னேன்." பிறகு மிஷினில் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினாள். அதற்கு மேல் அங்கே இருப்பதில் அர்த்தம் இல்லை. வாடிக்கையாகப் போய்வரவும் அவள் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

மாத்திரை வேலை செய்கிறது. இந்த ஆறு மாதத்தில் மூன்றே முறைதான் வந்திருக்கிறது, இன்று காலையோடு. டாக்டரிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. வாசனை வரும்போது அதன் கூடவே உங்கள் குரலும் வருகிறது: "ஆமாம்மா, எனக்கும் வருது." அது தழும்பிலிருந்து வருகிறதா, ஞாபகத்திலிருந்து வருகிறதா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. இவ்வளவும் தெரிந்த பிறகும், நினைவு அறுவதற்கு முன்னால் இருக்கிற அந்த ஒரு நொடியில் நான் நம்புவது உங்களைத்தான். கண் புகையைத் தேடிக்கொண்டு ஜன்னலுக்குப் போகிறது. மாத்திரை இன்னும் நன்றாகப் பிடித்துவிட்டால் வாசனை நின்றுவிடும் என்கிறார் டாக்டர். அப்போது குரலும் நிற்கும். நிற்கட்டும்.

உங்கள் புத்தகத்தில் இன்னும் பாதி வெற்றுத் தாள் இருக்கிறது. அதை எரிக்கவில்லை, டாக்டருக்குத் தேவைப்படும். இன்று தலைவலி கொஞ்சம் குறைந்ததும் அதை எடுத்து, நீங்கள் விட்ட கோட்டுக்கு அடுத்த கோட்டில் என் கையால் எழுதினேன்.

காலை 6.30. புகை வாசனை. காற்று தென்மேற்கு. புகை இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பார்த்தவர் யாருமில்லை.